நீரிலும் நிலத்திலும் ஓடும் ரிமோட் கார்: ஹல், சீல், ஹைட்ரஜன் சோதனை வரை

நீரிலும் நிலத்திலும் ஓடும் இந்த ரிமோட் காரில் ஹல் (படகு போன்ற அடிக்கூடு), அச்சு சீல் (சக்கர அச்சு வழியே நீர் புகாமல் தடுக்கும் அடைப்பு), புரொப்பல்லர் மூன்றும் முடிந்துவிட்டன. "பேட்டரிக்குப் பதிலாகத் தண்ணீரையே எரிபொருளாக வைத்து ஓட்ட முடியுமா" என்ற கேள்விக்கு மேசைச் சோதனையும் கூடவே நடந்தது. கரையேறும் வேலை மட்டும் பாக்கி.

அமைப்புக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, 1961-இல் வந்த ஆம்ஃபிகார் 770 என்ற, நீரிலும் ஓடும் கார். பின்னால் எஞ்சின், அடியில் இரண்டு நைலான் புரொப்பல்லர். தனிச் சுக்கான் கிடையாது, முன் சக்கரங்களைத் திருப்பினால் வண்டி நீரிலும் திரும்பும். சின்ன மாதிரிக்கு இந்த ஏற்பாடு சரிவராது. புரொப்பல்லர் தள்ளும் நீர் முன் சக்கரத்தில் படுவதே இல்லை, அதனால் வட்டம் மிகப் பெரிதாகிவிடும். புரொப்பல்லருக்குப் பின்னால் சிறு சுக்கான் ஒன்றை வைத்து, அதைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவை, ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய்-கேபிள் மூலம் ஸ்டீயரிங் சேனலிலேயே இணைத்தாகிவிட்டது.

ஹல் 32 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். 2 மி.மீ. பிளைவுட், வெளியே ஒரு சுற்று ஃபைபர் கிளாஸ் துணி, உள்ளே இரண்டு பூச்சு எபாக்ஸி. மொத்த எடை 1,100 கிராம். மூலைகள் வளைந்திருப்பதால் 32 × 14 பரப்பில் எண்பது சதவீதம்தான் கணக்கு, அதாவது 358 சதுர செ.மீ. 1,100-ஐ 358-ஆல் வகுத்தால் 3.1 செ.மீ. அந்த ஆழத்துக்கு வண்டி அமிழும். சக்கரங்கள் தரும் மிதப்பை இதில் சேர்க்கவில்லை, அது கையிருப்பாக இருக்கட்டும். ஆனால் கடையில் வரும் ரிம்மில் காற்றுத் துளை இருக்கும். அதை அடைக்காமல் விட்டால் ஒவ்வொரு சக்கரத்திலும் நீர் ஏறி, மிதப்பு போய்ச் சுமையாகிவிடும். டயருக்குள் நீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் வைத்துத் துளையை எபாக்ஸியால் அடைப்பதே சரி. சாதாரண ஸ்பாஞ்ச் வைத்தால் கெட்டது.

தரையில் நீளவாக்கில் இரண்டு தடுப்புகள் ஒட்டி மூன்று பள்ளங்களாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே புகுந்த கொஞ்சம் நீர் எடையால் மூழ்கடிக்காது. ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்துதான் கவிழ்க்கும். தடையில்லாத தரையில் அந்த நீர் ஹல்லின் நிலைத்தன்மையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மூன்றாகப் பிரித்தால் அந்தப் பாதிப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும்.

இனி சீல். இந்த வேலையின் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது. அச்சு ஹல் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, நீர்மட்டம் 3.1 செ.மீ. ஆக, அச்சுத் துளைகள் எப்போதும் 11 மி.மீ. நீருக்கடியில். ரப்பர் மூடியுள்ள பேரிங் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மூடி தூசியைத் தடுக்கவும் கிரீஸைப் பிடித்து வைக்கவும் ஆனது, தேங்கிய நீரைத் தடுக்காது. இங்கே இருப்பது 30 மி.மீ. நீளப் பித்தளைக் குழாய், இரு முனையிலும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), நடுவே நீரில் கரையாத மெரைன் கிரீஸ். ஓ-ரிங் 1.5 மி.மீ. தடிமன் என்றால் அது உட்காரும் காடியின் ஆழம் 1.35 மி.மீ. சுழலும் ஷாஃப்ட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் நசுக்கினால் மோட்டார் திணறும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

இவ்வளவு செய்தும் உள்ளே நீர் வரும். தொட்டியில் மணிக்கணக்கில் மிதக்கவிட்டால் ஒரு சொட்டு வராது. தரையில் நன்றாக ஓட்டிவிட்டு இறக்கினால் மட்டும் வரும். வில்லன் உள்ளே இருக்கும் சூடான காற்று. மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் சேர்ந்து உள்காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுபோகின்றன என்று வையுங்கள். 28 டிகிரி நீரில் அது குளிரும்போது அழுத்தம் ஏழு சதவீதம் விழும். நீர்மட்டக் கணக்கில் அது 70 செ.மீ. ஆழத்துக்குச் சமம். 11 மி.மீ. நீரைத் தடுக்கச் செய்த சீல் அதை எப்படித் தாங்கும்? உறிஞ்சி இழுத்துவிடும். மருந்து மிக எளிது: மேல்மூடியில் 3 மி.மீ. சிலிக்கோன் குழாய் ஒன்று, வெளிமுனை உயரத்தில் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பெரிய ஜீப்களின் அச்சுகளில் பிரீதர் (காற்றுப்போக்கு) குழாய் இருப்பதும் இதற்காகத்தான்.

ரிசீவர் போர்டுக்குப் பூசும் சிலிக்கோன் நியூட்ரல் வகையாக இருக்கட்டும். வினிகர் வாடை அடிக்கும் வகை செம்பை அரித்துவிடும்.

30 மி.மீ. புரொப்பல்லர், சக்கர மோட்டாரிலிருந்து தனியான, 380 அளவு மோட்டாரில். ஹல் அடிமட்டத்திலேயே ஷாஃப்ட் மையத்தை வைத்தால் இறக்கை நுனிக்கும் தரைக்கும் 7 மி.மீ.தான் மிஞ்சும், முதல் கல்லிலேயே உடையும். பின்பக்கம் குடைந்து 10 மி.மீ. ஏற்றியதில் தரை இடைவெளி 17 மி.மீ. ஆனது. ஆனால் நுனிக்கு மேலே இப்போது 6 மி.மீ. நீர்தான் இருக்கிறது. வேகம் கூட்டினால் மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். மேலே ஒரு தட்டையான தகடு வைத்தால் அது நிற்கும்.

தண்ணீர் எரிபொருள் விஷயத்துக்கு வருவோம். ஸ்டான்லி மேயரின் 'நீர் எரிபொருள்' காரை 1996-இல் ஓஹையோ நீதிமன்றம் மோசடி என்று தீர்ப்பளித்து, முதலீடு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தரச் சொன்னது. பொம்மைக் கடையில் கிடைக்கும் 'உப்புநீர் கார்' மோசடி அல்ல, ஆனால் அதில் எரிவது மெக்னீசியத் தகடு. உப்புநீர் மின்பகுளி மட்டுமே. ஓட ஓட வெள்ளைப் படிவு சேரும், தகடு தேயும்.

நம் மேசையில் இருப்பது மின்னால் நீரைப் பிரித்து, அதே ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் திரும்பத் தரும் சிறு பி.இ.எம். செல் (நடுவே சவ்வு உள்ள எரிபொருள் செல்). வாலை நீர் மட்டும் ஊற்ற வேண்டும், குழாய் நீரில் உள்ள உப்புகள் சவ்வைக் கெடுத்துவிடும். இதன் லாப நஷ்டத்தை வோல்ட்மீட்டர் ஒன்றாலேயே அறியலாம். நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் வேண்டும், நடைமுறையில் 2 வோல்ட் அளவுக்குப் போகும். திரும்பக் கிடைப்பது 0.65 வோல்ட் போல. வாயு கசியவே இல்லை என்றாலும் உள்ளே போன ஆம்பியர்-மணிக்கு மேல் வெளியே வராது. ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் மீளும்.

7.4 வோல்ட், 2,200 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 16 வாட்-மணி இருக்கிறது. அதற்கு ஈடாக, சாதாரண அழுத்தத்தில் சுமார் 11 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். ஹல்லின் மொத்தக் கொள்ளளவே 3.6 லிட்டர்! அதோடு, காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தாலே ஹைட்ரஜன் பற்றும், பிரஷ் மோட்டார் ஓயாமல் பொறி விடும். செல்லையும் வாயுப் பையையும் ஹல்லுக்குள் வைக்கவே கூடாது. மேல்தளத்தில் திறந்த வெளியில் வைத்து ஒரு எல்.இ.டி. விளக்கை எரிக்கலாம், அந்த அளவுக்குத்தான் இந்த வண்டியில் அதற்கு இடம்.

அடுத்தது கரையேற்றம். முன் சக்கரம் சரிவைத் தொடும்போது பின்பக்கம் இன்னும் மிதந்துகொண்டிருக்கும், அப்போது பின்சக்கர இழுவைக்குப் பிடிப்பே கிடைக்காது. ஆம்ஃபிகாரில் சக்கரத்தையும் புரொப்பல்லரையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியும், அங்கே பின்னாலிருந்து புரொப்பல்லர் தள்ளும். இங்கே இரண்டு மோட்டார்களுக்கும் தனித்தனி ஈ.எஸ்.சி. இருப்பதால் ரிமோட்டில் மிக்ஸ் (ஒரே கட்டளையில் இரண்டையும் ஓட்டும் அமைப்பு) போட்டாலே போதும். பேட்டரியை 2 செ.மீ. முன்னே நகர்த்தினால் முன் சக்கரங்களில் எடை ஏறும், ஆனால் பின்பக்கம் தூக்கி அந்த 6 மி.மீ. நீரும் குறைந்துவிடும். அதனால் முதலில் மிக்ஸ். பேட்டரிக்கு இப்போதைக்கு வெல்க்ரோ பட்டைதான், ஒட்டவில்லை.