வாகோபாவின் பங்கு

"போன வருஷம் ரெண்டு கோழி போச்சு. அது அவரோட பங்கு."

கீரைக்கட்டை என் பையில் போட்டுக்கொண்டே மாவ்ஷி (மராத்தியில் சித்தி) இந்தியில் சொன்னார். மும்பையின் ஆரே காட்டுக்குள் இருக்கும் வார்லி பழங்குடிக் குடியிருப்பிலிருந்து கோரேகாவ் வந்து காய்கறி விற்பவர். எங்கள் கட்டிடத்துப் பின்னால் ராத்திரி சிறுத்தை வந்ததாகப் பேச்சு. உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டேன்.

"அவர்" என்றது வாகோபாவை, வார்லிகள் கும்பிடும் புலிச்சாமியை.

அவரைச் செதுக்கிய கல்லை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் உயரம்கூட இல்லை. புலி, மேலே சூரியனும் சந்திரனும். செந்தூரம் பூசிப் பூசி புலியின் முகமே மழுங்கிவிட்டது. மராத்தியில் வாக் என்றால் புலியும்தான், சிறுத்தையும்தான்.

2021இல் வந்த ஓர் ஆய்வு மும்பை புறநகர், தானே, பால்கர் மாவட்டங்களில் 150 வாகோபா கோயில்களைப் பதிவு செய்திருக்கிறது. சடங்கை ஒழுங்காகச் செய்தால் காப்பார். ஆடு போனால் நம் பக்கம் ஏதோ குறை. இதுதான் வார்லிகளின் கணக்கு.

இப்படிப்பட்ட நம்பிக்கைகளை 1871இல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் மனிதச் சிந்தனையின் ஆரம்பப்படி என்று எழுதினார். எனக்கு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு மாதிரி இருக்கிறது. பயமும் உண்டு, மரியாதையும் உண்டு.

எங்கள் ஆச்சியும் ராத்திரியில் பாம்பு என்று சொல்லவிட மாட்டாள். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

கூண்டு வைக்கச் சொல்லி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள் என்றேன். மாவ்ஷி சில்லறையை எண்ணித் தந்தார்.

"பிடிச்சுட்டுப் போனா இடம் காலியாவா இருக்கும் பேட்டா? வேற ஒருத்தர் வருவார். அவருக்கு நம்மளத் தெரியாதே."