சளி மூக்கில், வலி ஏன் முழங்காலில்?

ஃப்ளூ வந்தவர் மூக்கு ஒழுகுகிறது என்பதைவிட உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றுதான் அதிகம் புலம்புவார். கிருமி இருப்பது மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும், வலி மட்டும் இடுப்பு, தொடை, முதுகு என்று ஊரெல்லாம் சுற்றுகிறது. வைரஸ் தசைக்குள் புகுந்து அரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, அந்த வலியைக் கிளப்புவது நம் சொந்த நோய் எதிர்ப்பு சக்திதான்.

வைரஸ் நுழைந்ததும் நம் செல்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் போன்ற சைட்டோகைன்களை (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள்) வெளியே விடுகின்றன, அவை ரத்தத்தில் கலந்து போகிற இடமெல்லாம் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கின்றன, அது மூளையில் காய்ச்சலை ஏற்றிவிட்டு இந்தப் பக்கம் வலி நரம்புகளையும் உசுப்பி விடுகிறது. அப்புறம் சும்மா புரண்டு படுத்தாலே வலிக்கும். தலை வாரினால் சீப்பு படுகிற இடம்கூட நோகும். போதாததற்கு குளிர் நடுக்கத்தில் தசைகள் விடாமல் இறுகுவதும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி, முன்பு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்றுக்குப் போட்ட இன்டர்ஃபெரான் ஊசி. போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், உடம்பு வலி என்று அப்படியே ஃப்ளூ மாதிரி வரும், ஆனால் ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட உள்ளே போயிருக்காது! அதனால் படுத்துக் கிடப்பவரைப் பார்த்து "வெறும் காய்ச்சல்தானே, எழுந்து நட" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அந்த வலி நிஜம்.

ஆஸ்பிரின் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியல் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் காட்டினார், 1982-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்காக ஆஸ்பிரினைத் தேடிப் போகாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும், வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் என்ற அரிய நோய் வரலாம். சரியான அளவில் பாராசிட்டமால், நிறைய தண்ணீர், ஓய்வு, பெரும்பாலும் இது போதும்.

விதிவிலக்கும் உண்டு. சிக்குன்குனியா வைரஸ் மூட்டுகளையே நேராகத் தாக்கும், அந்த வலி மாதக்கணக்கில் நீளலாம். சில குழந்தைகளுக்கு ஃப்ளூ தணிகிற நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நுனிக்காலில் நடப்பார்கள், பொதுவாக சில நாளில் தானே சரியாகிவிடும். ஆனால் கடும் தசை வலியோடு சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்துகொண்டிருக்கலாம், சிறுநீரகமும் கெடலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.