மூன்று கம்பிக்கும் பச்சை விளக்கு

வீட்டுப் பழைய அப்ரைட் பியானோவை நானே ட்யூன் செய்கிறேன் என்று இறங்கியபோது கையில் இருந்தது, கிட்டாருக்காக ஃபோனில் போட்டிருந்த ஒரு செயலிதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து 88 கட்டைக்கும் முள்ளை நடுவில் நிறுத்தினேன். வாசித்தால் மேல் ஸ்தாயி தொய்ந்து கேட்டது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. பியானோ கம்பி விறைப்பானது. மூல சுரத்தோடு சேர்ந்தே எழும் அதன் மேற்சுரங்களின் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று நிற்காமல் சற்று ஏறிப்போகும். அதற்கேற்ப மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் கூட்டியும் கீழ் ஸ்தாயியைக் குறைத்தும் வைக்க வேண்டும். எவ்வளவு என்பது பியானோவுக்குப் பியானோ மாறும். வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான என்ட்ரோபி பியானோ ட்யூனர் ஒவ்வொரு கட்டையின் ஒலியையும் பதிவு செய்து இதைக் கணக்கிடுகிறது. இலவசம் என்பதால் அதையே லேப்டாப்பில் போட்டேன்.

அடுத்த அடி நடு ஸ்தாயியில். அங்கே கட்டைக்கு மூன்று கம்பி. ஃபெல்ட் செருகி இரண்டை ஊமையாக்கி, ஒவ்வொன்றாகத் திரையைப் பார்த்தே வைத்தேன். மூன்றுக்கும் பச்சை. சேர்த்து அடித்தால் 'ஊவாங்... ஊவாங்' என்று விம்மல்! லேப்டாப்பை மூடிவிட்டு, அந்த விம்மல் நீண்டு கரையும்வரை காதால் தேடியபோதுதான் மூன்றும் ஒன்றாயின.

கம்பி சுற்றியிருக்கும் முளையைத் திருகும் ஹேமருக்குப் பெயரில்தான் சுத்தியல், பார்த்தால் ஸ்பேனர். திருகிய முளை மரத்துக்குள் முறுகி நிற்கும். கட்டையை நாலு முறை பலமாக அடித்தால் சுருதி நழுவிவிடும். சற்று மேலே ஏற்றி, படியவிட்டு இறக்க வேண்டும். இதை எந்தச் செயலியும் சொல்லித் தராது, மணிக்கட்டுதான் கற்க வேண்டும்.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையில் தொடங்கிக் காதால் வைப்பேன். கடைசியில்தான் செயலி, விடைத்தாள் திருத்துவதற்கு. ஒரே கட்டையின் கம்பிகளுக்குள்தான் விம்மல் கூடாது; நடு சி-க்குக் கீழுள்ள எஃப், ஏ என்ற இரு வேறு கட்டைகளைச் சேர்த்து அடித்தால் நொடிக்கு ஏறக்குறைய 7 விம்மல் வர வேண்டும். போன வாரம் ஒருவழியாக வந்தது.

உடனே அடுக்களையிலிருந்து அம்மா, "டேய், காந்தாரம் ஏறிக் கிடக்குடா" என்றார். எஃப்-ஐ ஸ என்று கொண்டால் ஏ காந்தாரம். வீணைக் காது. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் சுமார் 14 சென்ட் (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலேதான் இருக்கும், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தால் அப்படித்தான் என்று விளக்கினேன்.

"வேணும்னே தப்பா வைக்கிறதுக்கா இத்தனை ஞாயிற்றுக்கிழமை?" என்றார்.