ஒரே பேப்பரைப் பதினோரு பேர் படித்த கதை

உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை ஆய்வுப் பேப்பர் அனுப்பலாம். எங்கள் மொழித் தொழில்நுட்பத் துறை மாநாடுகளின் டெட்லைன் கணக்கு இதுதான். இந்திய நேரத்துக்கு அது மறுநாள் மாலை 5.29. அந்த 5.29-ஐ ஒரே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை கடந்திருக்கிறேன்.

பேப்பர் இதைப் பற்றியது: ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரே சொல். மொழிபெயர்க்கும் கணினி நிரல் அதை அப்படியே விழுங்காது, துண்டு போடும். எந்தத் துண்டு அடிக்கடி வருகிறது என்று பார்த்துத்தான் வெட்டுமே தவிர, விகுதி எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் அதற்குக் கவலை இல்லை. விகுதி பார்த்து வெட்டினால் மொழிபெயர்ப்பு தேறுமா? அதைத்தான் சோதித்திருந்தேன்.

முதல் மாநாட்டில் நான்கு ரிவ்யூ, அதாவது துறையில் இருப்பவர்கள் படித்துச் சொல்லும் மதிப்பீடு. பத்துக்கு 7, 6, 5, 3. மூன்று போட்டவர், ஒரு மொழியில் மட்டும் செய்திருப்பதால் மற்ற மொழிகளுக்குப் பொருந்துமா தெரியவில்லை என்றார். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த பேப்பர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி, ரிபட்டல் (ரிவ்யூவுக்குப் பதில் விளக்கம்) எழுதினேன். பதில் வரவில்லை. ரிஜெக்ட்.

அடுத்த மாநாட்டுக்கு மலையாளமும் தெலுங்கும் சேர்த்தேன். பக்க வரம்பு இடித்தது. தமிழில் நிரல் எங்கெங்கே தடுமாறுகிறது என்று நான் உட்கார்ந்து பிரித்து எழுதிய பகுதியைத் தூக்கிப் பின்னிணைப்பில் போட்டேன். புதிதாக மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் சொன்னது: மூன்று மொழிகளையும் மேலோட்டமாகத் தொட்டிருக்கிறீர்கள், பின்னிணைப்பில் இருக்கும் தமிழ் அலசல்தான் இதில் சரக்கு, அதை ஏன் ஒளித்து வைத்தீர்கள்? முதல் இடத்தில் கேட்டதைச் செய்தது இரண்டாம் இடத்தில் குற்றமாகிவிட்டது. அவர் மேல் தப்பில்லை. முந்தைய ரிவ்யூ அவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

மூன்றாவது மாநாட்டில் நான்கு பேர். அதில் ஒருவர் மொத்தமே மூன்று வரி எழுதி, ஆறாம் பக்கத்தில் இருக்கிற அட்டவணையைக் காணோமே என்று கேட்டிருந்தார். அதைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

ஆக, பதினோரு பேர். ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் முப்பத்து மூன்று மணி நேரம். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்ல என் கைடு ஒரு பழைய பரிசோதனையைச் சொன்னார். 2014-இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு (அப்போது பெயர் நிப்ஸ்) 1,678 பேப்பர் வந்தன. அவற்றில் 166-ஐ, ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 43 பேப்பர்களில் தீர்ப்பு மாறியது. ஒரு குழு ஏற்றதில் பாதிக்கு மேல் மற்றக் குழு தள்ளியிருந்தது. 2021-இல் 882 பேப்பரை வைத்து மறுபடி செய்தார்கள். அப்போது மொத்தம் வந்தவை 9,122. மாறுபாடு ஏறக்குறைய அதே அளவு, சுமார் 23 சதவீதம்.

வருகிற பேப்பர் கூட்டம் அதிகமானதால்தான் தேர்வு குலுக்கல் சீட்டாகிவிட்டது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். 1,678 வந்த காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 2025-இல் அந்த எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கூட்டம் எதை மாற்றியது என்பது நானே ரிவ்யூவராக உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

பேப்பர் அனுப்பினால் ரிவ்யூவும் செய்ய வேண்டும் என்று இப்போது பல மாநாடுகள் கட்டாயப்படுத்துகின்றன. எனக்கு ஆறு பேப்பர், இரண்டரை வாரம். முதலாவதைக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து ஒரு முழு நாள் படித்தேன். ஐந்தாவதுக்கு வந்தபோது ஞாயிறு இரவு பதினொன்றரை. ‘முன்னேற்றம் சிறியது, புதுமை குறைவு’ என்று தட்டிவிட்டு நிமிர்ந்தால், இது எனக்கு வந்த வரி. அழித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

ஆறாவதைத் திறந்ததும் இன்னொன்று. இரண்டாம் பக்கப் படத்தை எனக்குத் தெரியும். நான்கு மாதம் முன்னால் வேறொரு மாநாட்டுக்கு நான் ரிவ்யூ செய்த அதே பேப்பர்! நான் சொன்ன பிழைகளில் பாதியைத் திருத்தியிருந்தார்கள். கூட இருக்கும் மற்ற ரிவ்யூவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. வரிசை நீள்வதற்குப் புது ஆள் வருவது மட்டும் காரணமில்லை, தள்ளப்பட்டவர்களும் திரும்பி வந்து வாலில் நிற்கிறார்கள்.

அப்புறம்தான் ஏசிஎல் ரோலிங் ரிவ்யூ பக்கம் போனேன். மொழித் தொழில்நுட்ப மாநாடுகளுக்காக 2021-இல் தொடங்கியது. பேப்பரை மாநாட்டுக்கு அனுப்புவதில்லை, ரிவ்யூவுக்கு அனுப்புகிறோம். ரிவ்யூவும், ரிவ்யூவர்களை மேற்பார்க்கும் ஏரியா சேர் அவற்றைத் தொகுத்து எழுதும் மெட்டா ரிவ்யூவும் வந்த பிறகு, அவற்றோடு சேர்த்து ஏதாவது ஒரு மாநாட்டுக்குக் கொடுக்கலாம். போதாது என்று தோன்றினால் திருத்தி அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம், பழைய ரிவ்யூ கூடவே வரும். ஆங்கிலமல்லாத மொழியில் மட்டும் சோதித்தது என்று குறை சொல்வதைச் சோம்பேறி ரிவ்யூவின் அடையாளமாக அவர்களுடைய வழிகாட்டிக் குறிப்பே பட்டியலிடுகிறது. அந்த வரியை இரண்டு முறை படித்துக்கொண்டேன்.

மலையாளத்தையும் தெலுங்கையும் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டு, தமிழ் அலசலை நடுவீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் சுற்றில் ஐந்துக்கு 3, 3, 2.5. மாநாட்டுக்குக் கொடுக்காமல் திருத்த உட்கார்ந்தேன். திருத்தத்தோடு இணைக்கும் குறிப்புதான் முக்கியம். ‘ஆலோசனைகளைச் சேர்த்துள்ளோம்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொருவர் கேட்டதையும் அவர் சொற்களிலேயே போட்டு, கீழே எந்தப் பக்கம், எந்த வரி மாறியது என்று எழுதினேன். ஒரு கோரிக்கையைச் செய்ய முடியவில்லை, பயிற்சித் தரவு போதவில்லை. அதையும் அப்படியே சொன்னேன்.

பழைய மூவரில் இருவர் திரும்பக் கிடைத்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆட்கள் அந்த மாதம் வேறு வேலையில் இருக்கலாம். 2.5 போட்டவர் 3.5 ஆக்கி, கேட்டதைச் செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். செய்ய முடியாத ஒன்றை அவர் பெரிதுபடுத்தவில்லை.

ரிவ்யூவை ஒழுங்குபடுத்தத் தண்டனை வழியும் நடக்கிறது. கணினிப் பார்வைத் துறையின் சிவிபிஆர் மாநாட்டில் 2025-இல் பொறுப்பில்லாமல் ரிவ்யூ செய்தவர்களுடைய 19 பேப்பர்களைத் தள்ளுபடி செய்தார்கள். மிரட்டினால் ரிவ்யூ நேரத்துக்கு வரும், ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு வருகிற ரிவ்யூவும் நேரத்துக்கு வந்ததுதானே.

பேப்பர் கடைசியில் ‘ஃபைண்டிங்ஸ்’ தொகுப்பில் ஏற்கப்பட்டது. பிரதான மாநாட்டில் இடமில்லை, ஆனால் வேலை உருப்படியானது என்று வெளியிடும் தொகுப்பு அது, 2020-இல் வந்த ஏற்பாடு. மெயில் வந்ததும் கைடுக்கு போன் செய்தேன். நல்லது என்றவர், அடுத்த சுற்றுக்கு ரிவ்யூவர் பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது, நான்கு பேப்பர் வரும் என்றார்.