மகளின் முதலாவது ஸ்டூடியோப் படம்

வருகிற மாதம் மகளுக்கு ஒரு வயது நிறைவதால், மட்டக்களப்பு நகரிலுள்ள ஸ்டூடியோ ஒன்றில் அவளைத் தனியாக இருத்திப் படம் எடுப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம். காலைத் தூக்கம் முடிந்து, வயிறு நிறைந்து, முகம் தெளிந்திருக்கும் வேளையையே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

படப்பிடிப்பாளரிடம் நான் வலியுறுத்தியது, கமராவை அவளுடைய கண்மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும் என்பதே. நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குறுகியும் தெரியும். வெளிச்சத்தை மென்மையாகப் பரப்பும் பெரிய சொஃப்ட்பொக்ஸ் விளக்கை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கத்து நிழலை வெள்ளைப் பலகையால் தணித்தால் கன்னத்தின் மென்மை கெடாது.

மினுங்கும் துணி ஃபிளாஷ் வெளிச்சத்தைத் தெறிக்கச் செய்யும் என்பதால் பட்டுப்பாவாடையை விடுத்து, அம்மம்மா தைத்த இளமஞ்சள் பருத்திச் சட்டையைத் தெரிவு செய்திருக்கிறோம். கன்னத்துக் கறுப்புப் பொட்டைக் கணினியில் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.