பூச்சிச் சிறகும் மாட்டுத் தீவனமும்

"நீ இயற்பியல்தானே படித்தாய், சிப் வேலைக்கு எப்படிப் போனாய்?" ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியப்பா கேட்டுவிடுவார். என்னுடையது சரிபார்ப்பு வேலை. மற்றவர்கள் வடிவமைத்த ப்ராசஸரில், அதாவது கணினியின் மூளையான சிப்பில், பிழை தேடுவது. இந்த முறை மசடோஷி ஷிமாவின் கதையைச் சொன்னேன்.

ஷிமா வேதியியல் பட்டதாரி. அந்தத் துறையில் வேலை அமையாததால் பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் சார்பில் அமெரிக்க சிப் நிறுவனமான இன்டெலுக்குப் போனவர், 1971-இல் வெளிவந்த 4004 என்ற ப்ராசஸரின் லாஜிக் வடிவமைப்பில், அதாவது அது எப்படிக் கணக்கிட வேண்டும் என்று வகுப்பதில், பெரும்பங்கு ஆற்றினார். அதில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய மின் ஸ்விட்சுகள். அந்தப் பணியை வழிநடத்திய ஃபெடரிகோ ஃபாஜின் இத்தாலியின் பாதுவாவில் இயற்பியல் படித்தவர். (இதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.)

எனக்கு மிகவும் பிடித்தது, இன்று பெரும்பாலான கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் வகை ப்ராசஸரின் கதை. ஸ்டீவ் ஃபர்பர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். பூச்சிகள் சிறகடிக்கும் விதத்தை விசையாழிகளுக்குப் பொருத்திப் பார்ப்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. சோஃபி வில்சன் மாணவப் பருவத்தில், கோடை விடுமுறை வேலையாக, மாடுகளுக்குத் தீவனத்தை அளந்து போடும் கணினிக் கருவியை வடிவமைத்தவர். இருவருமாக ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனத்தில் வடிவமைத்த ஆர்ம் 1 சிப், 1985 ஏப்ரல் 26 அன்று முதல் முயற்சியிலேயே இயங்கியது. மின்னோட்டத்தை அளந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டியது! சிப்பைப் பொருத்தியிருந்த பலகையில் அதற்கு மின் இணைப்பே கொடுத்திருக்கவில்லை. மற்ற முனைகள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

பெரியப்பாவோ தீவனத்திலேயே நின்றுவிட்டார். அந்தக் கருவி என்ன விலை இருக்கும் என்றார்.