ஏழும் எட்டும்: பாவங்களின் பட்டியல்

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் (கத்தோலிக்க மறைக்கல்வியில்) மனப்பாடம் செய்தவர்களுக்கு, அந்தப் பட்டியல் தொடக்கத்தில் எட்டாக இருந்தது என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் எட்டுத் தீய எண்ணங்களை வகுத்தார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரி அதை ஏழாகத் திருத்தி, காய்மகாரம் எனும் பொறாமையைச் சேர்த்து, அகங்காரத்தை எல்லாவற்றுக்கும் வேராக வைத்தார்.

எவாகிரியுஸின் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது, சோம்பலுக்கு முன்னோடியான நண்பகல் பேய். காலை பத்து மணியளவில் துறவியைப் பிடித்து இரண்டு மணி வரை விடாத அந்தப் பேய், பொழுது நகரவே இல்லை என்று தோன்றச் செய்து, மூன்று மணிச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சூரியனை அண்ணாந்து பார்க்கவும், சக துறவி எவரேனும் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கவும் தூண்டுமாம். அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

போசனப்பிரியத்திலும் கிரகோரி கறாரானவர். அளவு மீறி உண்பது மட்டுமன்றி, நேரத்துக்கு முன்பே உண்பது, உயர்ந்த பண்டங்களைத் தேடுவது, பக்குவத்தில் நுணுக்கம் பார்ப்பது, ஆவலோடு விழுங்குவது ஆகியவையும் அதில் அடங்கும். திருவிழா விருந்தில் முதல் பந்திக்கு விரையும் நம் பங்குக் கோயில் மக்களில் இதிலிருந்து தப்புபவர் மிகச் சிலரே.

நல்ல வேளையாக, கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குற்றம் சாவான பாவம், அதாவது ஆன்மாவையே சாகடிக்கும் பாவம். இரண்டாம் முறை பாயசம் கேட்பது முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும்தான் நடக்கிறது என்றாலும், பாயசம் கனமான காரியம் ஆகாது என்று வாதிட இடமிருக்கிறது.